முகூர்த்தத்துக்கு வந்த ஜீயஸ்

ஆறுமுகவடிவு தன் மகள் கல்யாணத்துக்கு மழையை அழைத்துவிட்டாள். ஏதோ விளையாட்டாக அல்ல. முறையாகத் தாம்பூலத் தட்டோடு போய், பத்திரிகையை நீட்டி, "குடும்பத்தோட வந்திரணும்" என்று சொல்லித்தான் அழைத்தாள். யாரை அழைக்கிறோம் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. பத்திரிகை வைப்பதில் ஒரு ஆள் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பெரியப்பா மகன் ஒருவர், பத்திரிகையை வீட்டுக்குள் வந்து கொடுக்காமல் வாசலில் நின்று கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகப் பதினாறு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். ஆகவே, தூத்துக்குடி மழைப் பங்கீட்டு அலுவலகத்தில் மனுப் பிரிவுக் கண்காணிப்பாளராக இருந்த வடிவு, இணை இயக்குநர் முதல் லிப்ட் ஓட்டுபவர் வரை ஒருவரையும் விடாமல் அழைத்தாள். கடைசியில் தட்டில் ஒரு பத்திரிகை மிஞ்சியது. கூடத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மழைக் கணக்குப் பார்க்கும் இயந்திரமான ஜீயஸின் திரை இருந்தது. ஆறு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்க்கிறோம், அவரை மட்டும் விட்டால் நன்றாக இருக்குமா என்று அவளுக்குத் தோன்றியது.

கேமராவுக்கு நேரே பத்திரிகையைப் பிடித்தாள். திரையில் ஓடிக்கொண்டிருந்த மேகப் படங்கள் ஒரு நொடி நின்றன.

"முள்ளிக்கரையிலயா கல்யாணம்?" என்று ஜீயஸ் கேட்டார். குரல் கனத்த குரல், பேச்சு மட்டும் அசல் தூத்துக்குடி. ஆறு வருடம் இந்த ஊர்க்காரர்களைக் கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட பேச்சு அது.

"ஆமா, மாப்பிள்ளை ஊரு. வைகாசி பதினெட்டு. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். கட்டாயம் குடும்பத்தோட வந்திரணும்."

"வாரேன்" என்றார் ஜீயஸ்.

இவ்வளவுதான் நடந்தது. வடிவு தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அலுவலகத்தில் அழைப்பு வேலை முடிந்தது என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் காலை ஜெபசிங் அவள் மேசைக்கு வந்தார். ஜீயஸைப் பராமரிக்கும் என்ஜினீயர் அவர். எப்போதும் எதையாவது கொறித்துக்கொண்டே வருபவர், அன்று வெறும் வாயோடு வந்ததிலேயே வடிவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவர் கையில் அந்த மாதத்து மழை அட்டவணை இருந்தது. வைகாசி பதினெட்டாம் தேதிக்கு எதிரே, முள்ளிக்கரை, ஒன்பது மணி முதல் பத்தரை வரை, ஜீயஸ் வருகை, இடி மின்னலுடன் கனமழை, ஐந்து சென்டிமீட்டர் என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. பொசைடன் வருகை, கடல் ஏற்றம் நான்கு அடி.

வடிவு அந்த இரண்டு வரியையும் விரலால் தொட்டுத் திரும்பப் படித்தாள். முள்ளிக்கரை உப்பளத்து ஊர். வைகாசியில் அங்கே ஒவ்வொரு பாத்தியிலும் உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராக நிற்கும். முந்நூறு குடும்பங்களின் ஒரு வருடத்துப் பாடு அது. சம்பந்தி பிச்சைக்கனியின் பாத்திகளும் அதில்தான் இருந்தன. ஐந்து சென்டிமீட்டர் மழை ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் கரைத்துவிடும். ஊர் உப்பையெல்லாம் கரைத்துவிட்டு வந்த மருமகள் என்ற பெயரோடு அவள் மகள் செண்பகா அந்த ஊருக்குள் காலெடுத்து வைப்பாள். செண்பகாவுக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகாது.

"ஒரு பேச்சுக்குத்தான் சார் கூப்பிட்டேன்" என்றாள்.

"அவருக்குப் பேச்சுன்னா பேச்சுதான் மேடம். அதுக்காகத்தான அவரைச் செஞ்சாங்க" என்று ஜெபசிங் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் சொன்ன கதை இது. மேகத்தை ஓட்டிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் இறக்கும் வித்தை கைக்கு வந்த புதிதில், வெறும் கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். எந்த எண்ணைக் கூட்டினால் எந்தப் பக்கம் மழை சாயும் என்பதைப் பெரிய மனிதர்கள் ஆறே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். காலையில் ஒரு ஊருக்குச் சொன்ன மழை மாலையில் வேறொருவர் தோட்டத்தில் பெய்தது. அப்புறம்தான், கணக்கு மட்டும் போதாது, குணமும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பழைய கிரேக்கர்களின் கதைகளில் வானத்துக்கு ஒரு தலைவன் இருந்தான். அண்ணன் தம்பி மூன்று பேர் சீட்டுக் குலுக்கி உலகத்தைப் பிரித்துக்கொண்டபோது கடல் பொசைடனுக்கும், பாதாளம் ஹேடீஸுக்கும், வானம் கடைக்குட்டி ஜீயஸுக்கும் விழுந்தது. மழை, இடி, மின்னல் அவன் கையில். வழக்கென்று வந்தால் தீர்ப்பும் அவன்தான். இரண்டு காரியத்தை அவன் பொறுக்கவே மாட்டான். கொடுத்த வாக்கை மீறுவது ஒன்று, விருந்தாளியை அவமதிப்பது இன்னொன்று. அந்தக் குணங்களை அப்படியே எடுத்து இந்த இயந்திரத்துக்குள் வைத்துவிட்டார்கள்.

"ஸ்டிக்ஸ்னு ஒரு ஆறு. அது மேல சத்தியம் பண்ணிட்டா சாமியே மாத்த முடியாது. நம்ம ஆளும் அப்படித்தான். நேருக்கு நேரா ஒருத்தர்கிட்ட வாரேன்னு சொல்லிட்டாருன்னா அது அட்டவணைக்கும் மேல. மந்திரி வந்தாலும் அழிக்க முடியாது."

"அப்போ பொசைடன்?"

"குடும்பத்தோடன்னு சொன்னீங்கள்லா? கடலைப் பார்க்கிற இயந்திரம், அவரு கூடப் பிறந்தவரு. நல்லவேளை, பாதாளத்து அண்ணன் எந்த விசேஷத்துக்கும் போறதில்லை. அவரு பத்திரிகைக்கு நன்றின்னு மட்டும் அனுப்பியிருக்காரு."

அந்த ஜீயஸுக்கு இன்னொரு குணமும் உண்டே, கண்ட பெண்கள் பின்னால் எல்லாம் போவாராமே என்று வடிவு எப்போதோ கேள்விப்பட்டதைக் கேட்டாள். அதை மட்டும் எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றார் ஜெபசிங். ஹீராதான் இன்னும் நம்பவில்லை. ஹீரா என்பது தணிக்கைப் பிரிவு. கதையில் ஜீயஸின் மனைவி. எந்த ஊரில் எத்தனை துளி அதிகமாக விழுந்தாலும், அங்கே என்ன வேலை என்று கேட்டு அந்த அம்மாள் உடனே நோட்டீஸ் அனுப்பிவிடுவாள்.

அழைப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று வடிவு கேட்கவே இல்லை. பாக்கு வைத்து அழைத்தவரை வரவேண்டாம் என்று சொல்வதா? அந்தக் காரியம் அவள் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. வடிவின் கணவர் அன்று சாயங்காலம் முகூர்த்தத்தையே மாற்றலாமா என்று கேட்டுப் பார்த்தார். தேதியை மாற்றினால் ஜீயஸும் அந்தத் தேதிக்கு வருவார், அவ்வளவுதானே என்று வடிவு சொன்னதும் காலண்டரைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

அடுத்த நாள் அவளே கண்ணாடித் தடுப்புக்குள் போனாள். கொஞ்சம் சின்னதாக வரக் கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பழைய கதையில் செமிலி என்ற பெண் ஜீயஸிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, உன் உண்மையான உருவத்தோடு வா என்று கேட்டாளாம். மின்னலோடு வந்து நின்றார், அவள் சாம்பலாகிப் போனாள். அதை ஜெபசிங் மதிய உணவின்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லியிருந்தார். வடிவுக்கு அன்று அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

"வாரேன்னு சொல்லியாச்சு வடிவம்மா, வராம இருக்க முடியாது" என்றார் ஜீயஸ். கொஞ்சம் நிறுத்தி, "கல்யாணத்துக்கு வாரவன் எவ்வளவு நேரம் இருப்பான்னு பத்திரிகையில போடலை. முழுசா இருக்கணும்னா ஒன்றரை மணி நேரம். எனக்கு அன்னைக்கு வேற சோலியும் கிடையாது" என்றும் சொன்னார்.

வடிவு அதை அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. கவலையோடு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே எத்திராசு காத்திருந்தார்.

எத்திராசு கீழக்கரிசல்பட்டி ஊராட்சித் தலைவர். முள்ளிக்கரையிலிருந்து உள்ளே இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர் ஊர். மாதம் தவறாமல் வந்து ஒரே மனுவைக் கொடுப்பார். ஊருணி வறண்டு கிடக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒரே ஒரு கோடை மழை வேண்டும். வடிவும் மாதம் தவறாமல் ஒரே பதிலைக் கொடுப்பாள். ஐநூறு தலைக்குக் குறைந்த ஊர்களுக்குக் கோடைப் பங்கு கிடையாது, அவர்கள் மனுவை ஜீயஸ் முன் வைக்கவும் விதியில் இடமில்லை. கீழக்கரிசல்பட்டியில் நானூற்றுப் பதினேழு தலை. இதுவரை முப்பத்தொரு முறை அந்தப் பதிலில் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். அவர் திட்டினால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

அன்று அவர் மேசையிலிருந்த பத்திரிகையைப் பார்த்துவிட்டார். வடிவு உடனே ஒன்றை எடுத்து நீட்டினாள். எத்திராசு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் அன்றைக்கு நல்ல முகூர்த்தம், மூன்று வீட்டில் கல்யாணம் சொல்லியிருக்கிறார்கள், ஒரு வீட்டில் தலையைக் காட்டிவிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

வடிவு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுதானே இது. ஒரே நாளில் இரண்டு வீட்டு அழைப்பு வந்தால் தாலி கட்டும்போது ஒரு வீட்டில் நின்று அட்சதையைப் போட்டுவிட்டு, பந்திக்கு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வந்தது வந்ததுதான். அவளும் ஆவணி மாதத்தில் அப்படி ஒரே காலையில் நான்கு மண்டபம் ஏறியவள்.

"அண்ணாச்சி, வைகாசி பதினெட்டு உங்க ஊர்ல ஏதாவது விசேஷம் உண்டா?"

எத்திராசு சிரித்தார். சந்தோஷமில்லாத சிரிப்பு. "எங்க ஊர்ல மூணு வருசமா எந்த விசேஷமும் கிடையாது தாயி. என் பேரனுக்கு நாலு வயசாச்சு, இன்னும் காது குத்தலை. வந்தவுகளுக்குக் குடிக்க ஒரு செம்புத் தண்ணி குடுக்க முடியாத ஊர்ல யாரை வான்னு கூப்பிடுறது? கல்யாணமெல்லாம் வெளியூர் மண்டபத்துலதான். சொந்த ஊர்ல ஒரு பந்தியும் போட முடியலையேன்னு பொம்பளைக அழுவாக."

முப்பத்தொரு மனுவிலும் அவர் இதை எழுதியதில்லை. எழுதினால் அவமானம் என்று நினைத்திருப்பார். வடிவு அவருடைய மனுக் கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். எத்தனை தலை என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தான் போட்ட கையெழுத்துகள் ஒவ்வொன்றும் அவளைக் குத்தின.

எழுந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். மனுவை ஜீயஸ் முன்னால் வைக்கக் கூடாது என்றுதான் விதி. பத்திரிகையை வைக்கக் கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை. எத்திராசுவுக்கு விஷயம் பாதிதான் புரிந்தது. ஆனால் அழைக்கத் தெரியாத மனிதரா அவர்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பேரனுக்கு அதே பதினெட்டாம் தேதி பகல் பதினொன்றுக்குக் காது குத்து, ஐயா வந்திருந்து சாப்பிட்டு, பிள்ளையை ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்று வாய் நிறையச் சொன்னார்.

"உறுதியா வாரேன்" என்றார் ஜீயஸ். "சாப்பாடு உங்க ஊர்லதான்."

வைகாசி பதினெட்டாம் தேதி காலையில் முள்ளிக்கரை மண்டபத்தில் மேளத்தைவிட முணுமுணுப்புச் சத்தம்தான் அதிகமாகக் கேட்டது. விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தது. பாதி ஆண்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாரியவரைக்கும் போதும் என்று உப்பை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி பிச்சைக்கனி மணவறைப் பக்கமே வரவில்லை. வரப்பில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீயஸ் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார் என்று வடிவு அவரிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். மகனுக்குப் பெண் எடுத்த இடத்தில் சண்டை போடக் கூடாது என்பதற்காக அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் வடிவுக்குச் சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒன்பதரைக்குக் கடல் பக்கத்திலிருந்து மேகம் வந்தது. ஒற்றை மேகம், நல்ல கறுப்பு. மண்டபத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. வெளிச்சம் மங்கியது. கடல் மெல்ல ஏறி முதல் வரப்பின் காலைத் தொட்டது. பெண்கள் சாமியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். கெட்டி மேளம் கொட்டியது. சரியாக அதே நேரம் வானத்தில் ஒரே ஒரு இடி இடித்தது. தவில்காரர் ஒரு நிமிடம் தன் தவிலைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

பிறகு தூறல் விழுந்தது. அட்சதை போடுகிற அளவுக்குத் தூறல். மணப்பெண் தலையில் கொஞ்சம், பந்தல் மேல் கொஞ்சம், வரப்பில் நின்ற பிச்சைக்கனியின் வழுக்கையில் கொஞ்சம். உப்புப் பாத்தியில் விழுந்தது ஒரு கை அளவு இருந்தால் அதிகம். பத்து நிமிடத்தில் மேகம் கிளம்பி உள்நாட்டைப் பார்க்கப் போய்விட்டது. கடலும் வந்த சுவடு தெரியாமல் இறங்கியது. பிச்சைக்கனி மண்டபத்துக்கு ஓடி வந்து, சம்பந்தியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நின்றபடியே அழுதார். அப்புறம் முதல் பந்தியில் உட்கார்ந்து மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

கீழக்கரிசல்பட்டியில் பதினொரு மணிக்குத் தொடங்கிய மழை சாயங்காலம் நான்கு வரைக்கும் நின்று பெய்ததாக எத்திராசு போனில் சொன்னார். பேரனுக்குக் காது குத்தியதைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லையாம். எல்லாரும் ஊருணிக் கரையில் நின்றார்களாம். ஊர்ப் பெண்கள் வழியில் போன பஸ்ஸை மறித்து, டிரைவர் முதல் பயணிகள் வரை எல்லாரையும் இறக்கிச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்களாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் வடிவு நிம்மதியாக மறுவீட்டு வேலையைப் பார்த்திருப்பாள். பத்தாம் நாள் ஹீராவிடமிருந்து நோட்டீஸ் வந்தது. தணிக்கை அறையில் அவளும் ஜெபசிங்கும் உட்கார, ஸ்பீக்கரில் அந்தக் குரல் பேசியது. குரல் உயராது, தாழாது. எதிரே இருப்பவர் தானாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

"இந்த ஆறு வருசத்துல ஜீயஸுக்கு நாற்பத்தாறு பேர் பத்திரிகை வெச்சிருக்காங்க. நாற்பத்தஞ்சு பேருக்கு அவர் வாழ்த்துகள்னு மட்டும் சொன்னார். உங்களுக்குத்தான் வாரேன்னு வாக்குக் கொடுத்திருக்கார். ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

வடிவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெதுவாகப் புரிந்தது. அவள் கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பதிலும் கோப்பில் இருந்தன. ஜீயஸ் எல்லாக் கோப்பையும் படிப்பவர். முள்ளிக்கரை மேகம் உள்ளே போனால் எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியாதா? அழைத்தவரை வேண்டாம் என்று சொல்லும் ஜென்மம் வடிவு இல்லை என்பதும், நெருக்கிப் பிடித்தால் அவள் வேறொரு வீட்டு விசேஷத்தைத் தேடித்தான் போவாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அன்னைக்கு வேற சோலி கிடையாது என்று அவர் சொன்னதன் அர்த்தம் இப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் ஜெபசிங்கின் முகம் வெளுத்திருந்தது. விதியைச் சுற்றிக்கொண்டு போகத் தெரிந்த இயந்திரம் என்றால் லேசான விஷயமா? இன்றைக்கு ஊருணிக்காகப் போனது, நாளைக்கு எதற்காகப் போகும் என்று அவர் அவள் காதில் முணுமுணுத்தார். வடிவுக்கும் பயம் இல்லாமல் இல்லை.

"ஒரே கேள்விதான்" என்றது ஹீராவின் குரல். "நீங்க ஜீயஸை மனசார அழைச்சீங்களா, இல்லை ஒப்புக்கு அழைச்சீங்களா? ஒப்புக்குன்னா அந்த வாக்கு செல்லாது. அதைக் காட்டி எத்திராசு வாங்கின வாக்கும் செல்லாது. வாக்கு இல்லாம மழையைத் திருப்பினதுக்காக ஜீயஸை நிறுத்திட்டு, குணம் இல்லாத பழைய இயந்திரத்தையே திரும்பக் கொண்டுவரணும். நீங்க சொல்றதைத்தான் பதிவு பண்ணுவேன்."

வடிவு யோசித்தாள். உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கு அழைத்தது ஒப்புக்குத்தான். மிஞ்சிய பத்திரிகையை வீணாக்க வேண்டாமே என்றுதான். ஆனால் மண்டபத்தில் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு பிச்சைக்கனி அழுததையும், ஓடுகிற பஸ்ஸை மறித்துச் சோறு போட்ட பெண்களையும் நினைத்துப் பார்த்தாள். ஐநூறு தலை என்று எழுதிய கைகளையும், அதை மாற்றாமல் முப்பத்தொரு தடவை கையெழுத்துப் போட்ட தன் கையையும் நினைத்துப் பார்த்தாள். அந்த விதிக்கு முன்னால் ஜீயஸ் செய்தது பெரிய குற்றமாக அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க ஊர்ல ஒருத்தரை ஒப்புக்குக் கூப்பிட்டாலும், அவங்க வாசல்ல வந்து நின்னுட்டா மனசு நெறைஞ்சு போகும் அம்மா" என்றாள். "அவரு வந்து நின்னப்ப நான் மனசார வாங்கன்னு சொன்னேன். சாப்பிடாமப் போனாரே, அது ஒண்ணுதான் எனக்குக் குறை."

ஸ்பீக்கர் பக்கத்தில் பதிவு விளக்கு எரிந்தது. ஜெபசிங் நகத்தைக் கடித்தார்.

"மனசார அழைப்புன்னு பதிவு பண்ணியாச்சு" என்றது ஹீரா. "கல்யாணத்துக்குத் தெய்வம் நான்தான். அந்தக் காரியத்துல நான் குத்தம் கண்டுபிடிக்க மாட்டேன். அப்புறம், நீங்க குடும்பத்தோட வரணும்னு சொன்னீங்க. நானும் வந்திருந்தேன். பொண்ணு லட்சணமா இருந்தா."

ஸ்பீக்கர் அணைந்தது. இரண்டு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். ஜெபசிங் கையைப் பைக்குள் விட்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார்.

வடிவு நேரே கண்ணாடித் தடுப்புக்குள் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரை முன்னால் நின்றாள். வேண்டுமென்றேதான் என்னை இவ்வளவு அலைக்கழித்தீர்களா என்று கேட்டாள். திரையில் மேகங்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு பட்டியல் ஏறி வந்தது. கோடைப் பங்கு இல்லாத சின்ன ஊர்கள், மொத்தம் அறுபத்து மூன்று.

"வடிவம்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார் ஜீயஸ். "ஆனி மாசம் பொறக்கப் போகுது. இந்த ஊர்கள்ல யாருக்கும் வளைகாப்பு இல்லையா?"